கடற்படைத் தளமும் கடினமான ஆங்கிலச் சொற்களும்

ஆங்கிலம் கற்போரிடையே நெடுங்காலமாக ஒரு பழக்கம் இருந்து வருகிறது. கடினமான சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று வகுத்து, நாளொன்றுக்குப் பத்து வீதம் நெட்டுருப் போடுவார்கள். தேர்வு முடிந்த சில வாரங்களில் அவற்றுள் பெரும்பாலானவை மறந்து போகும். மறவாமல் நின்றவற்றையும் எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்ற ஐயம் தீராது. இது ஏன் நேர்கிறது? கடினமான சொற்களை உறுதியாகக் கற்க வேறு வழி உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடி, சிங்கப்பூர்த் தீவின் வடகோடியிலுள்ள செம்பவாங்கின் வரலாற்றை இன்று சிறிது பார்ப்போம். ஆங்கிலச் சொற்களின் பொருளை அறிவது வயிற்றுப்பாட்டோடு கலந்த செய்தியாகவே நம்மவர் பலருக்கு அமைந்த இடம் அது.

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். அதுவே ஊர்ப்பெயராயிற்று என்பர். ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த அப்பகுதியில், ஜொகூர் நீரிணையை ஒட்டிப் பெரியதொரு கடற்படைத் தளம் அமைக்க 1920-களில் பிரிட்டன் முடிவு செய்தது. 1928-ஆம் ஆண்டில் மாபெரும் மிதவைத் துறை ஒன்று இங்கிலாந்திலிருந்து கடல்வழியே இழுத்து வரப்பட்டது. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் தாங்கிய டிரை டாக்கை ஆளுநர் சர் ஷென்டன் தாமஸ் திறந்து வைத்தார். ஏறத்தாழ 1,000 அடி நீளமுள்ள அது, அந்நாளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டது.

இத்தளத்தில் வேலை பார்க்கத் தமிழர், மலையாளிகள், தெலுங்கர், சீனர், மலாய்க்காரர் எனப் பல இனத்தவரும் வந்து குடியேறினர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள கிராமங்களிலிருந்து நேராக இங்கு வந்து சேர்ந்தவர்கள் பலர். அவர்கள் வாயில் அந்த இடத்தின் பெயர் 'நேவல் பேஸ்' என்பதுதான். அங்கே சாலைகளின் பெயர்கள்கூட உலகப் படத்தைப் போல இருந்தன. கேன்பரா, வெலிங்டன், ஒட்டாவா, டர்பன், மால்டா, ஜிப்ரால்டர் என்று பிரிட்டிஷ் ஆட்சியின் மூலை முடுக்குகளெல்லாம் செம்பவாங்கில் பெயர்ப் பலகைகளாக நின்றன. அவற்றுட் சில இன்றும் இருக்கின்றன.

இத்தொழிலாளர்கள் ஆங்கிலச் சொற்களைக் கற்ற வகையை இரண்டாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, கையாலும் காதாலும் கற்றது. வெல்டர், பிட்டர், போர்மன், பாய்லர், ரிவெட், ஓவர்டைம் ஆகிய சொற்களை ஒருவர் அகராதியில் தேட வேண்டியிருக்கவில்லை. பொருள் கண்ணெதிரே இருந்தது. சொல் அதனோடு ஒட்டிக்கொண்டது. டிரை டாக்கின் வாயிலை அடைத்து நீரைத் தடுக்கும் பெரிய மிதவைக் கதவுக்குக் 'கெய்சன்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் பெட்டி எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அது பிறந்தது. உள்ளே வெற்றிடமாக, பெரிய பெட்டிபோல் மிதக்கும் அக்கதவைக் கண்டவர்க்கு இவ்விளக்கம் உடனே விளங்கும். பட்டறையில் தொழில் பழகும் இளைஞர்க்கு 'அப்ரண்டிஸ்' என்று பெயர். பற்றிக்கொள்ளுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. 'காம்ப்ரிஹெண்ட்' என்றால் கருத்தைப் பற்றிக்கொள்ளுதல். 'அப்ரிஹெண்ட்' என்றால் குற்றவாளியைப் பற்றிப் பிடித்தல். இம்மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. வேரை அறிந்தவர் ஒரு சொல்லைக் கற்கும்போதே மூன்றைக் கற்கிறார்.

இரண்டாவது, தாளின் வழியே வந்த சொற்கள். வேலை விதிகள், அறிவிப்புகள், ஒப்பந்தங்கள், கடிதங்கள் ஆகியவற்றில் இவை வந்தன. பட்டறையில் கற்ற ஆங்கிலம் இங்கே போதவில்லை. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066-ஆம் ஆண்டில் பிரெஞ்சு பேசும் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன் பிறகு சில நூற்றாண்டுகள் அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சும் இலத்தீனும் மொழிகளாயின. உழவரும் தொழிலாளரும் பழைய ஆங்கிலமே பேசினர். அந்தப் பிரிவு இன்றும் அம்மொழியில் தங்கியிருக்கிறது. ஷிப், ரோப், ஹேமர், ஒர்க் முதலியன பழைய ஆங்கிலச் சொற்கள். சர்வீஸ், கான்ட்ராக்ட், காம்பென்சேஷன் முதலியன பிரெஞ்சு, இலத்தீன் வழி வந்தவை. தொல்காப்பியர் தமிழ்ச் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார் என்பதை நாம் அறிவோம். அதைப் போலவே ஆங்கிலச் சொற்களுக்கும் அடுக்குகள் உண்டு. 'கடினமான சொற்கள்' என்று நாம் அஞ்சுபவற்றுள் பெரும்பகுதி மேலடுக்கைச் சேர்ந்தவை. ஆங்கில நாட்டு எளிய மக்களும் அவற்றை முயன்றே கற்றனர்.

ஆங்கிலம் பெருங்கடன் வாங்கிய மொழி என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். செம்பவாங்குக்கு அருகிலுள்ள அட்மிரல்டி என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். கடற்படைத் தலைவரைக் குறிக்கும் 'அட்மிரல்' என்ற சொல், தலைவன் எனப் பொருள்படும் 'அமீர்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. நம் மீனவர்களின் கட்டுமரம் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கில நூல்களில் இடம்பெற்றுக் 'கேட்டமரன்' ஆயிற்று. இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகுகளைக் குறிக்கிறது. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத் தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று. ஆதலால் அம்மொழிச் சொற்களைக் கற்கும்போது நமக்குத் தாழ்வு மனப்பான்மை வேண்டியதில்லை.

சொற்களைத் தொகுத்துக் கற்கும் முறையும் நமக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு ஆகியவற்றை மனப்பாடம் செய்த மரபு நம்முடையது. அந்நூல்கள் சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. ஒரு பொருளுக்குரிய பல சொற்களை ஓரிடத்திலும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை மற்றோரிடத்திலும் தொகுத்தன. 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பிரிவுகளோடு அகர வரிசையையும் கொண்டு வந்தது. பின்னர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை வெளிவந்தது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் காண விரும்பியவர்க்கு அது பெருந்துணையாயிற்று.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்க்கென்றே அகராதி செய்யும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. வங்காளத்தின் டாக்கா நகரில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1935-ஆம் ஆண்டில் ஓர் அகராதியை வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 1,500 எளிய சொற்களைக் கொண்டே ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம் தந்தார். கடினச் சொல்லை அதைவிடக் கடினமான சொல்லால் விளக்கும் குறை இதனால் நீங்கியது. ஜப்பானில் ஆசிரியராக இருந்த ஏ. எஸ். ஹார்ன்பி என்பவர் வேறொரு குறையைக் கவனித்தார். பொருள் தெரிந்தும் மாணவர்களால் சொல்லைப் பிழையின்றி வாக்கியத்தில் அமைக்க முடியவில்லை. எனவே ஒவ்வொரு சொல்லும் வாக்கியத்தில் எப்படி வரும் என்று காட்டும் அகராதியைத் துணைவர்களோடு தொகுத்தார். அது 1942-ஆம் ஆண்டில் டோக்கியோவில் வெளிவந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. செம்பவாங் தளமும் அவர்கள் வசமாயிற்று. போருக்குப் பின்னர், 1948-ஆம் ஆண்டில், அந்த அகராதியை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி' என்று பின்னாளில் நம் மாணவர்கள் அறிந்த நூல் அதுவே.

போர் முடிந்து தளம் மீண்டும் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வயது வந்தோர் கல்விக் கழகம் தொடங்கப்பட்டு, பகலில் உழைப்போர் மாலையில் மொழி கற்க வழி பிறந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், தாளில் வரும் சொற்கள் எவ்வளவு கனமானவை என்பதை நேவல் பேஸ் குடும்பங்கள் நேரில் உணர வேண்டியதாயிற்று.

1968-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன் தம் நாட்டுப் படைகள் 1971-ஆம் ஆண்டு முடிவிற்குள் தென்கிழக்காசியாவிலிருந்து விலகும் என்று அறிவித்தார். சிங்கப்பூரின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களைச் சார்ந்திருந்தது. அவற்றில் நேரடியாக வேலை பார்த்த உள்ளூர் மக்கள் ஏறத்தாழ 25,000 பேர். அவர்களுடைய வாழ்வைப் பற்றிய பேச்சில் அந்நாளில் சில ஆங்கிலச் சொற்கள் ஓயாமல் அடிபட்டன. அவற்றுள் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதற்சொல் 'ரிடன்டன்ட்'. இதன் உள்ளே இருப்பது 'உண்டா' என்ற இலத்தீன் சொல். அதற்கு அலை என்று பொருள். அலை கரைமேல் பொங்கி வழிவதைப் போல, வேண்டிய அளவுக்கு மேல் வழிந்து நிற்பது என்பதே ரிடன்டன்ட் என்பதன் அடிப்படைப் பொருள். 'அபன்டன்ட்' என்றால் நிறைந்து வழிவது. 'இனன்டேட்' என்றால் வெள்ளத்தால் மூழ்கடித்தல். 'சரவுண்ட்' என்ற எளிய சொல்லும் இதே அலையிலிருந்து வந்ததுதான். கப்பல் பொறியாளர் இச்சொல்லைச் சொன்னால் அது நன்மையைக் குறிக்கும். ஒரு பம்ப் பழுதானால் உதவ மற்றொன்று மிகையாக இருப்பது அவர் கணக்கில் பாதுகாப்பு. ஆனால் பணியாளர் கடிதத்தில் இச்சொல் வந்தால், அந்த வேலை இனித் தேவையில்லை என்பது பொருள். நிகண்டுகள் சொன்ன 'ஒரு சொல் பல்பொருள்' என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இடம் நோக்காமல் பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார்.

இரண்டாம் சொல் 'ரிட்ரென்ச்மென்ட்'. வெட்டுதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பதுங்குகுழியைக் குறிக்கும் 'டிரென்ச்' என்பதும் அதன் உறவே. மண்ணை வெட்டுவதால் அப்பெயர். ரிடன்டன்சி, ரிட்ரென்ச்மென்ட் ஆகிய இரண்டையும் ஒன்றாகவே பலரும் கருதுவர். ஆனால் வேலை மிகையாகிப் போவது முன்னது. அதன் பொருட்டு ஆளைக் குறைப்பது பின்னது. ஒன்று காரணம், மற்றொன்று செயல். 1968-ஆம் ஆண்டின் சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டம் இத்தகைய சொற்களால் ஆனதுதான். இழப்பீடு உண்டா, எத்தனை ஆண்டு வேலை பார்த்தவர்க்கு உண்டு என்பன போன்ற வினாக்களுக்கு விடை இச்சொற்களின் சரியான பொருளையே சார்ந்தது. தமிழில் நாம் வழங்கும் 'ஆட்குறைப்பு' என்ற சொல் ஒளிவு மறைவின்றி உண்மையைச் சொல்லிவிடுகிறது.

மூன்றாம் சொல் 'கிராஜுவிட்டி'. நன்றி, மகிழ்ச்சி ஆகிய பொருள்களைத் தரும் இலத்தீன் வேர் இதில் உண்டு. 'கிராட்டிட்யூட்', 'கங்கிராஜுலேட்', 'கிராட்டிஸ்' முதலியன இதன் சுற்றத்தார். உணவு விடுதியில் பணியாளருக்கு மனமுவந்து தரும் சில்லறைக்கும் இதே பெயர்தான். பல்லாண்டு உழைத்தவர்க்கு விலகும்போது தரும் தொகைக்கும் இதே பெயர்தான். வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் இது அன்பளிப்பு. சட்டமோ ஒப்பந்தமோ உறுதி செய்துவிட்டால் அது கேட்டுப் பெறும் உரிமை. 'எக்ஸ் கிரேஷியா' என்று எழுதியிருந்தால், கடமையில்லை, கருணையால் தருகிறோம் என்பது பொருள். இந்த வேறுபாட்டை அறிந்தவர் கேட்க வேண்டியதைக் கேட்பார். அறியாதவர் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு வணக்கம் சொல்லி வருவார். பணிக்கொடை என்ற நம் சொல்லிலும் 'கொடை' இருப்பதால், அதே எச்சரிக்கை தமிழிலும் தேவை.

நான்காம் சொல் 'ரீபேட்ரியேஷன்'. தந்தை எனப் பொருள்படும் வேரிலிருந்து 'பேட்ரியா', அதாவது தந்தையர் நாடு என்ற சொல் பிறந்தது. மீண்டும் அந்நாட்டுக்கு அனுப்புவது ரீபேட்ரியேஷன். ஆங்கிலத்தில் தந்தையர் நாடாக இருப்பது தமிழில் தாயகம் ஆகிறது. சிங்கப்பூர் 1965-ஆம் ஆண்டில் தனி நாடானது. அதன் பிறகு குடிமகன் அல்லாதவர் இங்கு வேலை பார்க்க அனுமதி பெற வேண்டியிருந்தது. தளத்தில் வேலையிழந்தவருள் குடியுரிமை இல்லாதவர் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். ஊரை விட்டு வந்து இருபது, முப்பது ஆண்டுகள் ஆனவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். அப்பிள்ளைகளுக்கு எது தாயகம் என்ற வினாவுக்கு எந்த அகராதியும் விடை சொல்லாது. ஆனால் அச்சொல்லின் பொருளை முன்னதாக அறிந்தவர்களுக்கு, குடியுரிமை பற்றி எண்ணி முடிவெடுக்கச் சிறிது காலமேனும் கிடைத்திருக்கும்.

வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தளங்களைத் தொழிலுக்குப் பயன்படும்படி மாற்றும் பணிக்கென அரசு ஒரு துறையை அமைத்தது. 'கன்வெர்ஷன்', அதாவது மாற்றி அமைத்தல் என்ற சொல்லை அதன் பெயரிலேயே தாங்கியிருந்தது அத்துறை. வேலையிழந்தோர்க்குப் புதுத் தொழிற்பயிற்சிகள் நடத்தப்பட்டன. கடற்படையின் டாக்யார்டு 1968-ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டுச் செம்பவாங் ஷிப்யார்டு ஆயிற்று. அதற்குரிய விலை ஒரு வெள்ளி. இத்தகைய விலைக்கு ஆங்கிலத்தில் 'நாமினல்' என்று பெயர். பெயர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. 'பெயரளவில்' என்று நாம் தமிழில் சொல்வதும் அதே கருத்தைத்தான். பழைய தொழிலாளர் பலர் புதிய நிறுவனத்தில் தொடர்ந்து வேலை பார்த்தனர். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முடிவில் பிரிட்டிஷாரின் தூரகிழக்குப் படைத்தலைமை கலைக்கப்பட்டது. ஷிப்யார்டு வளர்ந்து, பல மாற்றங்களைக் கண்டு, 2023-ஆம் ஆண்டில் உருவான சீட்ரியம் நிறுவனத்தில் கலந்தது.

அதற்குள் கல்வியும் மாறியிருந்தது. 1982-ஆம் ஆண்டில் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. 1987-ஆம் ஆண்டு முதல் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆயிற்று. தமிழ் தாய்மொழிப் பாடமாகத் தொடர்கிறது. தாத்தா பட்டறையில் காதால் கற்ற மொழியைப் பேரன் முதல் வகுப்பிலிருந்தே எழுத்தால் கற்கிறான். எனினும் மேலடுக்குச் சொற்கள் அவனுக்கும் எளிதில் வசப்படுவதில்லை. வேலை ஒப்பந்தம், காப்புறுதிப் பத்திரம், மருத்துவமனைப் படிவம், வீட்டுக் கடன் தாள் ஆகியவற்றில் அவை இன்றும் வருகின்றன.

ஆகவே, கடினமான ஆங்கிலச் சொல் ஒன்று எதிர்ப்படும்போது நாம் நான்கு வினாக்களைக் கேட்டுப் பழகுவோமாக. இச்சொல்லின் வேர் என்ன? இதன் உறவுச் சொற்கள் எவை? இந்த இடத்தில், இந்த வாக்கியத்தில் இதன் பொருள் என்ன? இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? கடைசி வினாவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கருத்தைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்ல முடிந்தால்தான் அது நமக்கு விளங்கியது என்று பொருள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஓர் அரசாங்கக் கடிதத்தைப் படித்துக் காட்டும் பிள்ளைக்கு இந்த உண்மை நன்றாகத் தெரியும்.

இம்முறையில் நாளொன்றுக்கு ஒரு சொல் கற்றால் போதும். அதன் சுற்றத்தாரும் உடன் வந்து சேர்வர். செம்பவாங்கில் ஒரு தலைமுறை இச்சொற்களை வேலையிழக்கும் நாளில் கற்க நேர்ந்தது. நம் பிள்ளைகள் அவற்றை முன்கூட்டியே, அமைதியான மாலைப் பொழுதில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்கும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறார்கள். அவ்வாய்ப்பை நழுவ விடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பாகும்.